கொல்கத்தாவின் கூலி இல்லாத துப்புரவாளர்

கொல்கத்தாவின் சாக்கடை நீரில் பெரும்பகுதி ஹூக்ளி நதிக்குப் போவதில்லை. நகரம் கிழக்கே சரிந்திருப்பதால் கால்வாய்கள் வழியே அந்தப் பக்கமாக ஓடுகிறது. அங்கே அதற்காகக் காத்திருப்பவை மீன் குளங்கள்.

ஆழமில்லாத இந்தக் குளங்களில் சாக்கடை நீரை அளவாகத் திறந்துவிடுகிறார்கள். வெயில் கிருமிகளைக் கொல்கிறது. கழிவை உரமாக்கிக்கொண்டு பாசி வளர்கிறது. பாசியைத் தின்று ரோகுவும் கட்லாவும் கொழுக்கின்றன. கரையோர ஆகாயத்தாமரை மண் அரிப்பைத் தடுக்கிறது. குளத்தைவிட்டு வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. நகரத்துக்குச் சுத்திகரிப்புச் செலவு மிச்சம். ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் மீன் கிடைப்பது கூடுதல் லாபம்.

இந்த அதிசயத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் 2018-ல் காலமான அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ். நகரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று 1980களில் தேடிப் போனவர், மீனவர்களிடம் பாடம் கற்றுத் திரும்பினார். அதன் பிறகு காவல்களுக்குப் பஞ்சமில்லை. 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஈரநிலத்தை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2002-ல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் பட்டியலில் ஏறியது. 2006-ல் மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

ஆனாலும் குளங்கள் மனைகளாகி வருகின்றன. நிலத்தின் விலை ஒரு காரணம். வெளியே தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. கால்வாய்கள் தூர்ந்துபோனதால் பல குளங்களுக்குப் போதிய சாக்கடை நீர் வருவதில்லை. நீர் குறைந்தால் பாசி இல்லை, பாசி குறைந்தால் மீன் இல்லை. பிழைப்பு போன பிறகு மண் லாரியை மறிக்க மீனவருக்கு என்ன அக்கறை இருக்கும்?

பூமி சூடேறி, மழை ஒரேயடியாகக் கொட்டும் காலம் இது. 2025 செப்டம்பர் 23 அன்று பெய்த மழையில் கொல்கத்தாவின் தெருக்கள் குளங்களாயின. உபரி நீரைத் தாங்கிக்கொள்ளும் நிலம் ஒவ்வொரு ஏக்கராகக் குறைவது இந்த நகரத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஈரநிலத்தைக் காப்பது என்றால் வேலி போட்டு மனிதர்களை வெளியேற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கதை தலைகீழ். மீனவர் வெளியேறினால் குளமும் போய்விடும். சட்டப் புத்தகம் கனத்தது போதும். இப்போது தேவை, கால்வாயில் தூர்வாரும் இயந்திரம்.