பெயர் பறிபோன பாட்டு

போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், கலிப்ஸோ என்றால் ஜமைக்கா பாட்டுத்தானே?"

இல்லை என்றேன். கலிப்ஸோ ட்ரினிடாட்டுக்குரியது. ஜமைக்கா கிராமங்களின் பாட்டுக்குப் பெயர் மென்டோ. வகுப்பில் ஒருவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அது பிள்ளைகளின் பிழையல்ல.

கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் தாளமும், தோட்டத் துரைமார் ஆடிய குவாட்ரில் போன்ற ஐரோப்பிய நடனங்களின் மெட்டும் கலந்து பிறந்தது மென்டோ. கிட்டார், பாஞ்சோ, கைமேளம், மூங்கில் குழல், இவற்றோடு ஒரு 'ரும்பா பெட்டி'. மரப்பெட்டியில் ஒரு துளை, அதன் முன்னே சில இரும்புத் தகடுகள். வாசிப்பவர் பெட்டியின் மேலேயே குந்திக்கொண்டு தகடுகளை விரலால் மீட்டுவார். ஆபிரிக்காவின் விரல் பியானோ வளர்ந்து பெட்டியானது போலிருக்கும். பாட்டில் வருவதெல்லாம் சந்தை, கூலி வேலை, ஊர் வம்பு, இரட்டை அர்த்தப் பகிடி.

1950களில் மென்டோ இசைத்தட்டாக வந்தபோது 'கலிப்ஸோ' என்றுதான் விற்றார்கள். உல்லாசப் பயணிகளுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். 1956இல் ஹரி பெலபொன்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு உலகைச் சுற்றியது. அதில் மிகவும் பேசப்பட்ட பாட்டு, வாழைக்குலை ஏற்றிய ஜமைக்காத் தொழிலாளரின் வேலைப் பாட்டு! அந்த அலை இலங்கைக்கும் வந்தது. இன்றும் நம் ஹோட்டல்களில் கிட்டாரும் மேளமுமாய் மேசை மேசையாக வரும் குழுவுக்குப் பெயர் 'கலிப்ஸோ பாண்ட்'.

"பாட்டு நல்லாயிருந்தால் போதாதா, பெயரில் என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். மென்டோவிலிருந்துதான் ஸ்கா வந்தது, பிறகு ரெகே வந்தது. 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பேரனுக்கு மாலை விழுந்தது. பாட்டியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வயிற்றுப் பிழைப்புக்காகத் தங்கள் பாட்டைக் கலிப்ஸோ என்று சொல்லிக்கொண்ட கலைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். வாங்குபவன் வைத்த பெயரை ஏற்காவிட்டால் அன்றைக்கு அவர்களின் அடுப்பு எரிந்திராது. ஆனால் எழுதுகிற, படிப்பிக்கிற நமக்கு அந்த நெருக்கடி இல்லையே. விற்றவன் ஒட்டிய பெயரை நாமும் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அடிமைத்தனத்துக்குள்ளும் ஒரு பாட்டை உருவாக்கியவர்களிடமிருந்து கடைசியாக மிஞ்சியதையும் பறிக்கிறோம்.

அந்த மாணவன் கரும்பலகைக்கு வந்து 'மென்டோ' என்று எழுதினான். மணி அடித்த பிறகும் நான் அதை அழிக்கவில்லை.