துளை விழுந்த ரியூப்பை வீசி எறியாதீர்!

காலை ஏழு மணி. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளை முற்றத்தில் திகைத்து நிற்கின்றது. துவிச்சக்கர வண்டியின் பின் சில்லிற் காற்றில்லை. சந்தியிலுள்ள திருத்தகம் இன்னும் திறக்கவில்லை. அயல்வீட்டில் அதே வேளையில் ஒரு தோட்டக்காரர் கத்தரிக்காய் மூட்டையைக் கரியரிற் கட்டிவிட்டு, முன் சில்லைப் பார்த்துத் தலையிற் கை வைக்கின்றார். வெயில் ஏற ஏறச் சந்தையில் விலை இறங்கும் என்பதை அவருக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. ஒரு முள் ஒரு பிள்ளையின் படிப்பையும் ஒரு குடும்பத்தின் வரும்படியையும் ஒரு நாளுக்கு நிறுத்திவிடுகின்றது.

அரசியல் பேசவேண்டிய ஏட்டிற் சைக்கிள் ரியூப்புக்கு என்ன இடம் எனச் சிலர் நகைக்கலாம். இடம் உண்டு என்பதே எமது கருத்து. தன் சில்லைத் தானே ஓட்டிக்கொள்ள மாட்டாத சமுதாயம் தன் பொருளாதாரத்தைத் தானே நடத்துவது எங்ஙனம்?

நாம் இந்தக் கலையை அறியாதவர்கள் அல்லர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களில் வைத்தியரும் ஆசிரியரும் கமக்காரரும் ஒரே வகை வாகனத்திலேயே சென்றனர். அது சைக்கிள். அதன் டைனமோவைச் சுற்றியே வானொலிச் செய்தியும் கேட்டோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, முதியோரையும் மூட்டைகளையும் சுமந்ததும் அதுவே. ஒட்டின்மேல் ஒட்டு விழுந்த ரியூப்களே அன்று பலரின் சில்லுகளில் இருந்தன.

பின்னர் பாதை திறந்தது, கடைகள் நிறைந்தன, மோட்டார்ச் சைக்கிள்கள் பெருகின. பழக்கமும் கைநழுவியது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மூலையிற் கிடந்த சைக்கிள்களை மீண்டும் துடைத்து எடுத்தோம். ஆனால், ரியூப் ஒட்டத் தெரிந்த கைகள் எத்தனை வீடுகளில் இருந்தன? இன்றோ ஒரு சிறு துளைக்காகப் புதிய ரியூப் வாங்குகின்றோம். பழையதைக் குப்பையோடு எரித்துப் புகையைச் சுவாசிக்கின்றோம்.

இறப்பர் எமது நாட்டிலேயே விளைகின்றதே எனச் சிலர் கூறுவர். உண்மை. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளில் முளைத்த கன்றுகளே கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1952ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி பெற்றோம். ஆயினும் இன்றைய ரியூப்களிற் பல மரத்துப் பாலால் ஆனவை அல்ல. பெற்றோலியத்திலிருந்து செய்யப்படும் பியூட்டைல் என்னும் செயற்கை இறப்பரால் ஆனவை. பெற்றோலியக் கிணறு எம்மிடம் இல்லை. ஆகவே வீசி எறியும் ரியூப்போடு அந்நியச் செலாவணியிலும் ஒரு துளியை எறிகின்றோம்.

நிற்க. ரியூப் ஒட்டுதல் அரிய வித்தை அன்று. ரயரின் ஒரு பக்கத்தை மழுங்கிய கரண்டிக் காம்பால் நெம்பி எடுக்கலாம். திருப்புளியைக் கொண்டு நெம்புவோர் ஒரு துளையை இரண்டாக்குவர். ரியூப்புக்குக் காற்றடித்து நீரில் அமிழ்த்தினால் குமிழி துளையைக் காட்டிவிடும். அவ்விடத்தை அடையாளமிட்டு, நன்றாக உலர்த்தி, சொரசொரப்பான தாளால் தேய்த்து, ஒட்டைவிடச் சற்று அகலமாகச் சொலூசனை மெல்லியதாகப் பூசவேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இதன் பின்னரே. பூசியவுடன் ஒட்டை வைத்து அழுத்திவிடுகின்றனர். சொலூசனிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகவேண்டும். அது அடியிற் சிக்கினால் ஒட்டு நிலைக்காது. விரல் நுனியில் ஒட்டாத பதம் வரும்வரை சில நிமிடம் பொறுத்து, பின்னர் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துக. பழைய ரியூப்பில் வெட்டிய துண்டானால் மூலைகளை வட்டமாக்கி, அதனையும் தேய்த்துச் சொலூசன் பூசுக. கூரிய மூலையே முதலிற் கிளம்பும்.

துளையை அடைத்தாற் போதாது, காரணத்தையும் களையவேண்டும். முள் ரயரிலேயே தங்கியிருந்தால் அடுத்த சந்தியில் மீண்டும் காற்றுப் போகும். ஆதலால் ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கவேண்டும். அருகருகே இரண்டு துளைகள் இருப்பின், காற்றுக் குறைவாக ஓடியதால் ரியூப் ரிம்மில் நசுங்கியது எனக் கொள்க. உட்புறத்தில் துளையானால் கம்பியின் முனை குத்தியிருக்கும்.

எல்லா ரியூப்பையும் ஒட்டலாம் என்று நாம் கூறவில்லை. வால்வின் அடி கிழிந்ததும், வெடித்துப் பிளந்ததும், நாட்பட்டு வெடிப்புக் கண்டதும் ஓட்டத்துக்கு உதவா. அவையும் குப்பை அல்ல. நீளமாகக் கீறினால் கரியரிற் சுமை கட்டும் வார். நீர் கசியும் குழாய்க்கு இறுகச் சுற்றும் கட்டு. இளங்கன்றைத் தடியோடு சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய பிடி. தோட்டக்காரருக்கு இவற்றின் பெறுமதி தெரியும்.

எல்லோரும் தாமே ஒட்டினால் சைக்கிள் திருத்துவோரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானதே. சில்லின் கோணல் எடுப்பதும், கம்பி மாற்றுவதும், அச்சில் குண்டு போடுவதும் அவர்களின் நுண்மையான தொழில். அதற்கு உரிய கூலி கொடுக்கவேண்டும். ரியூப்பைத் தூக்கி எறியும் வழக்கத்தால் அவர்கள் பெறுவது யாதுமில்லை. பழுதுபார்க்கும் பழக்கம் வளர்ந்தால் வண்டிகள் நீடித்து ஓடும். ஓடும் வண்டிக்கே திருத்துவோர் வேண்டும். மேலும், இக்கலையை ஊருக்குக் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்கள் அவர்களே.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பெட்டி இருக்கட்டும்: ஒட்டு, சொலூசன், நெம்பு, காற்றடிக்கும் பம். ஊர்த் திருத்துநர் ஒருவரை அழைத்து, ஒரு பிற்பகல் ஆண், பெண் பிள்ளைகள் இருபாலாருக்கும் கற்பிக்கட்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்பொருள்களைச் சில்லறையாக விற்கட்டும். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்குக் கை கறுப்பது இழுக்கு என்ற எண்ணம் ஒழியட்டும்.

தட்டுப்பாடு வந்தபின் கற்போம் என்றிருப்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதை ஒக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையை முற்றத்தில் இருத்தி, ஒரு வாளி நீரையும் ஒரு பழைய ரியூப்பையும் முன்னே வையுங்கள். அடுத்த முறை முள் தைக்கும் காலையில் அப்பிள்ளை எவர் வரவுக்கும் காத்து நில்லாது.