உணவுக் கொள்கையும் இறைச்சி வணிகமும்

ஒரு தேசத்து மக்கள் எதை உண்ணவேண்டும் என்பதை அறிவியலே தீர்மானிக்கின்றது என நம்புவோர் உளர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1977 ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை அவர்கள் ஊன்றி நோக்குதல் தகும்.

அந்நாட்டில் நிலவிய பசியை ஆராய்வதற்கென 1968 இல் அமைக்கப்பட்ட செனற்சபைத் தெரிவுக்குழு, ஜோர்ஜ் மக்கவர்னின் தலைமையில், 1977 ஜனவரியிலே உணவு இலக்குகள் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. இருதயநோய் முதலியவற்றைத் தடுக்கும்பொருட்டு இறைச்சி உண்பதைக் குறைக்குமாறு அது வெளிப்படையாகவே கூறிற்று. மாட்டுப்பண்ணை உடைமையாளர் கொதித்தெழுந்தனர். குழுவின்முன் தோன்றிய அவர்தம் சங்கத் தலைவர், ‘குறைத்தல்’ என்பதே தீய சொல் என்றார். டிசெம்பரில் அறிக்கை திருத்தி வெளியிடப்பட்டது. விலங்குக் கொழுப்பைக் குறைக்குமாறும், நிரம்பிய கொழுப்பின் அளவைத் தணிக்கவல்ல இறைச்சி, கோழி, மீன் என்பவற்றைத் தெரிவுசெய்யுமாறும் புதிய வாசகம் பணித்தது.

இத்திருத்தம் அற்பமானதன்று. கடைத் தராசில் நிறுக்கப்படுவது இறைச்சியேயன்றி ‘நிரம்பிய கொழுப்பு’ அன்று. சாதாரண மக்களுக்கு விளங்கிய சொல் அகற்றப்பட்டு, இரசாயனம் கற்றோருக்கு விளங்கும் சொல் அங்கு வைக்கப்பட்டது. மேலும், ‘தெரிவுசெய்யுங்கள்’ என்று கடைவாயிலில் நிற்பவனுக்குக் கூறுவது ‘வாங்குங்கள்’ என்று கூறுவதேயாம்.

விஞ்ஞானிகளிடையே அன்று கருத்தொற்றுமை இருக்கவில்லையே எனச் சிலர் வாதிப்பர். உண்மை, கொழுப்புப் பற்றிய விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆயின், ஐயுறும் விஞ்ஞானி சான்றுகளைக் கேள்விக்குள்ளாக்குவான். ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றித் தருமாறு கேளான்.

மக்கவர்னின் குழு அவ்வாண்டின் இறுதியோடு தனித்தியங்குவதை நிறுத்தி, செனற்சபையின் விவசாயக் குழுவுள் அடங்கிற்று. மாட்டுப்பண்ணைகள் மலிந்த தென் டக்கோட்டாவின் பிரதிநிதியான அவரும் 1980 தேர்தலில் தோல்வியுற்றார். (றேகன் அலை வீசிய அத்தேர்தலின் முடிவைப் பண்ணையாளரின் கணக்கில் மட்டும் எழுதுதல் நேர்மையாகாது.)

தனிமனிதரினும் அமைப்பே இங்கு முக்கியமானது. 1862 இல் தோன்றிய விவசாயத் திணைக்களத்துக்கு விளைபொருளின் சந்தையைப் பெருக்கும் கடமை உண்டு. மக்களுக்கு உணவு ஆலோசனை கூறும் கடமையும் அதற்கே உண்டு. விற்பவனே வைத்தியனுமானால் மருந்துச்சீட்டு எவ்வாறிருக்கும்? இறைச்சியையும் பாலையும் ஒடுங்கிய மேற்பகுதியிற் காட்டிய உணவுக் கூம்பக வரைபடத்தை 1991 இல் அத்திணைக்களம் வெளியிடும் தறுவாயில், அவ்வுற்பத்தியாளரின் எதிர்ப்பைத் தொடர்ந்து மீளப்பெற்றது. வரைபடம் வெளிவர ஓராண்டு சென்றது.

மாட்டிறைச்சி விளம்பரத்துக்கென, விற்கப்படும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு டொலர் கட்டாயமாக அறவிடும் சட்டம் 1985 இல் இயற்றப்பட்டது. தம் பணத்தில் தாம் விரும்பாத விளம்பரம் செய்யப்படுவதைப் பண்ணையாளர் சிலரே எதிர்த்து வழக்காடினர். அவ்விளம்பரம் அரசின் சொந்தப் பேச்சே என 2005 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் வாயும் மாட்டிறைச்சிக்கு விளம்பரம் செய்யும் வாயும் ஒன்றே என்பதை இதனினும் தெளிவாக எவரும் கூறியதில்லை.

2012 ஜூலையிலே அத்திணைக்களம் தன் ஊழியருக்கான செய்திமடலில், திங்கட்கிழமைகளில் மட்டும் இறைச்சியைத் தவிர்த்துப் பார்க்கலாமென ஒரு குறிப்பை வெளியிட்டது. மாட்டிறைச்சி உற்பத்தியாளர் சங்கம் கண்டித்தது. தன் சிற்றுண்டிச்சாலையில் உண்போருக்குக் கூறிய அச்சிறு யோசனையையும் திணைக்களம் உடனே நீக்கிவிட்டது.