‘ஷாண்டி’ நம்முடைய பாட்டும்தான்

1964ஆம் ஆண்டு சிங்கப்பூரின் பாடல் தரவரிசையில் பீட்டில்ஸ் குழுவின் ‘ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’ பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’, அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போன முதல் உள்ளூர்க் குழுப் பாட்டு. குழுவின் ஹென்றி சுவா இயற்றிய அந்தத் துள்ளல் இசையில் பாடல்வரிகளே கிடையாது, கித்தார்கள்தான் பாடுகின்றன. அது இன்றும் புதிதாக ஒலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் எண்ணம். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனிப் பாட்டு ஒலித்த ஊரில், எந்த மொழிக்காரரையும் வெளியே நிறுத்தாத மகிழ்ச்சி அது. முன்னணி கித்தார் வாசித்த ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளியினர் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இது பிரிட்டனின் ‘தி ஷாடோஸ்’ குழுவைப் பார்த்துச் செய்த நகல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸும் இங்கு வந்து வாசித்த பிறகு கித்தார் மோகம் ஊரெங்கும் பரவியது உண்மை. அந்தச் சாயல் ‘ஷாண்டி’யில் இருப்பதும் உண்மை. ஆனால், அதே 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி மேற்கத்திய ஆட்டத் தாளங்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாடல்களை அந்நியம் என்று தேக்காவில் யாராவது சொல்வார்களா? கடன் வாங்கிய தாளத்தில் சொந்த மெட்டு பிறந்துவிட்டால் அது வாங்கியவரின் சொத்து. ‘ஷாண்டி’யின் மெட்டு சிங்கப்பூரில் பிறந்தது.

இத்தகைய இசை இளைஞர்களைக் கெடுக்கும் என்ற இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடப் பழையது. 1959இல் தன்னாட்சி பெற்றதும் அரசு ‘மஞ்சள் கலாசாரம்’ எனப்பட்ட சீரழிவுக் கேளிக்கைகளை எதிர்த்து இயக்கம் நடத்தியது; காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்குத் தடை வந்தது. இளைஞர்கள் கெட்டுவிடக் கூடாது என்ற கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் ராக் அண்ட் ரோல் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்ன? கேட்டதைச் சலிக்காமல் வாசித்துப் பழகும் பொறுமை, கூட்டாக வேலை செய்யும் ஒழுங்கு, பிறகு சொந்தமாக மெட்டமைக்கும் துணிவு. மகிழ்ச்சியான பாட்டு என்பதாலேயே அதை வெறும் கேளிக்கை என்று ஒதுக்குவது பெரும் அநியாயம்.

முதியவர்களின் பழைய நினைவுதான் இதைத் தாங்கி நிற்கிறது என்பாரும் உளர். அப்படியானால் அந்தக் காலத்தைக் காணாத ஒருவருக்கு இது ஒன்றும் செய்யக் கூடாது. இளையோரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கால் தானாகத் தாளம் போடுகிறதா என்று பாருங்கள். ஹென்றி சுவா 2001இல் குழுவின் கதையை நூலாகவே எழுதிவிட்டார். இசை மட்டும் இளையோர் காதுக்குப் போதிய அளவு எட்டவில்லை. பள்ளி இசை வகுப்புகள் இதைக் கற்றுத்தரட்டும். ஒலி 96.8 வானொலியும் மெல்லிசை மன்னர்களின் பாடல்களுக்கு நடுவே ‘ஷாண்டி’யை ஒலிபரப்ப வேண்டும்.