சயாம் பூனையும் தலையெழுத்தும்

'இது அவருடைய மரபணுவிலேயே இருக்கிறது' என்னும் வாக்கியத்தை இப்போதெல்லாம் தமிழில் அடிக்கடி வாசிக்க நேர்கிறது. அரசியல்வாதியின் பேராசைக்கும், பாடகியின் குரலுக்கும், ஒரு சாதியாரின் தொழில்திறமைக்கும் இதுவே விளக்கமாகிவிடுகிறது. முன்பு பிரமன் மண்டையோட்டில் எழுதினான். இப்போது உயிரணுவுக்குள் எழுதுகிறான். ஏடுதான் மாறியிருக்கிறது. எழுதியது எழுதியதுதான், அழிக்கவோ திருத்தவோ ஏலாது என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது. நமக்கு இதில் உடன்பாடில்லை. மறுப்பதற்குப் பெரிய தத்துவ விசாரமும் தேவையில்லை. வயதாக ஆகக் கறுத்துக்கொண்டே போகும் ஒரு பூனையைக் கவனித்தால் போதும்.

சயாம் பூனையைப் படத்திலேனும் பார்க்காதவர் குறைவு. உடல் பாலேட்டு நிறம், முகமும் காதுகளும் பாதங்களும் வாலும் மட்டும் கருமை அல்லது அடர்பழுப்பு, கண்கள் நீலம். தாய்லாந்தின் பழைய பூனை இலட்சணச் சுவடிகளில் இதற்கு விச்சியன்மாட் என்று பெயர். பெயரின் முற்பகுதி வேறொன்றுமில்லை, நாம் வச்சிரம் என்று சொல்லும் அதே வடமொழிச் சொல்தான். தாய் நாவில் அப்படி உருண்டிருக்கிறது. சுவடிக்காரர்கள் கரிய இடங்களை எட்டு என்று எண்ணினார்கள்: வாய் ஒன்று, வால் ஒன்று, காது இரண்டு, கால் நான்கு. சாமுத்திரிகா இலட்சணம் பார்ப்பவர்களின் கணக்குத்தான் இது. ஆனால் அந்த எட்டு இடங்களையும் சற்று யோசித்துப் பாருங்கள். எல்லாமே உடலின் நடுவிலிருந்து தள்ளியிருப்பவை. சுலபமாகச் சூடிழந்து குளிர்ந்துவிடுபவை. அழகைப் பட்டியலிடுவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் ஒரு வெப்பநிலை வரைபடத்தையே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

உரோமத்துக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. அது உருவாகும் வழியில் முதல் வேலையைச் செய்வது டைரோசினேஸ் என்னும் நொதி. சயாம் பூனையில் இந்த நொதியைக் கட்டும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதன் விளைவாக, நொதியின் 302ஆம் இடத்தில் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டறிந்து வெளியிட்டது 2005இல். (பர்மியப் பூனையில் அதே நொதியில், வேறோர் இடத்தில் வேறொரு மாற்றம், அதனால் அதன் உடல் முழுவதுமே பழுப்பாக இருக்கிறது.) இந்த மாற்றத்தால் நொதி கெட்டுவிடவில்லை, சூடு தாங்காததாக ஆகிவிட்டது, அவ்வளவே. பூனையின் உள்ளுடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் நொதி தன் வடிவில் நில்லாமல் குலைந்துபோகிறது, நிறமி உருவாவதில்லை. சற்றுக் குளிர்ந்த தோலில் அதே நொதி ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆகவேதான் சயாம் குட்டிகள் ஏறக்குறைய வெண்மையாகவே பிறக்கின்றன. கருப்பையில் குளிர்ந்த மூலை ஏது? வெளியே வந்து சில நாட்கள் கழிந்தபின் காதோரமும் மூக்கும் மங்கலாகக் கறுக்கத் தொடங்குகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல வாலும் பாதங்களும் சேர்ந்துகொள்கின்றன. 'கறுப்பு முனைகளோடு பிறந்த பூனை' என்று யாராவது சொன்னால் அவர் பிறந்தபோது பார்த்திருக்கவில்லை என்று பொருள்.

1930இல் இல்யின் என்ற பெயருடைய இரு ருஷ்ய ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். சயாம் பூனையின் உடலில் வெளிறிய உரோமத்தை மழித்துக் குளிரில் வைத்திருந்தால், அவ்விடத்தில் புதிதாக முளைப்பது கருமையாக இருக்கிறது. கருமையான இடத்தை மழித்துக் கதகதப்பாக வைத்தால் வெளிறி முளைக்கிறது. மரபணு என்றால் என்ன பொருளால் ஆனது என்றே உலகம் அறிந்திராத காலம் அது. இன்று கால்நடை மருத்துவர்களுக்கு இது அன்றாட விஷயம். இங்கிலாந்தில் பெண் பூனைக்குக் கருத்தடை அறுவை செய்யும்போது விலாப்புறத்தை மழிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சயாம் பூனையானால், அவ்விடத்தில் கருந்திட்டாக உரோமம் முளைக்கக்கூடும் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மழித்த இடம் போர்வையிழந்து குளிர்கிறது, குளிர்ந்தால் கறுக்கிறது. அடுத்தமுறை அந்த உரோமம் உதிர்ந்து முளைக்கையில், போர்வை மீண்டிருப்பதால் பழைய வெளிர்நிறமே பெரும்பாலும் வந்துவிடுகிறது.

இங்கே கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. முளைத்துவிட்ட உரோமம் நிறம் மாறுவதில்லை. அது வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் வேரடியில் எவ்வளவு சூடு இருந்ததோ அதன் பதிவுதான் அந்த நிறம். ஒவ்வோர் உரோமமும் ஒரு நாட்குறிப்பு. பழைய பக்கத்தை யாரும் திருத்துவதில்லை, புதிய பக்கம்தான் எழுதப்படுகிறது. பூனையை ஒருநாள் குளிரில் விட்டால் மறுநாள் கறுத்துவிடும் என்று நினைப்பது தவறு.

இனி முதுமைக்கு வருவோம். இளம் பூனை ஓடியாடுகிறது. உடல் சூட்டை அள்ளி வழங்குகிறது. வயதேற ஏற ஓட்டம் குறைகிறது, தோலுக்கு வரும் இரத்தவோட்டம் தளர்கிறது, தோலின் மேற்பரப்பு சிறிது சிறிதாகக் குளிர்கிறது. முன்பு காதிலும் வாலிலும் மட்டும் வேலைசெய்த நொதிக்கு இப்போது முதுகிலும் விலாவிலும் இடம் கிடைக்கிறது. வருடத்துக்கு வருடம் உதிர்ந்து முளைக்கும் உரோமம் அடர்ந்துகொண்டே போகிறது. வெண்ணெய் நிறம் மணல் நிறமாகி, மணல் காப்பிக்கொட்டை நிறமாகிறது. அதே மரபை உடைய ராக்டால், பிர்மன், இமாலயப் பூனைகளுக்கும் இதே கதைதான். வெப்ப நாட்டில் வாழும் பூனை வெளிறியும், குளிர்நாட்டில் வாழ்வது அடர்ந்தும் இருப்பதற்கும் வேறு காரணம் இல்லை.

நம் மனத்தை உறுத்துவது இதை மனிதர்கள் வாசிக்கும் விதம். 'நிறம் கெட்டுவிட்டது', 'அழுக்குப்பட்டதுபோல் ஆகிவிட்டது' என்றே வளர்ப்போர் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் வகுத்த சயாம் இலக்கணத்தில், வயதான பூனையின் அடர்நிறத்துக்குச் சலுகை காட்டவேண்டும், ஆனால் உடலுக்கும் முனைகளுக்கும் இடையே வேறுபாடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று இருக்கிறது. நல்ல மனதோடு எழுதிய விதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சலுகை என்பது குற்றத்துக்குத் தருவதல்லவா? இரண்டு வயதின் வெளிர்நிறம் அசல், பன்னிரண்டு வயதின் பழுப்பு அதிலிருந்து வழுவியது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் பதுங்கியிருக்கிறது. அசல் என்று ஒன்றைத் தேடுவதானால் பிறந்த நாளின் வெண்மையைத்தான் சொல்லவேண்டும். அதை எந்த நடுவரும் கேட்பதில்லை! இரண்டு வயதில் இருந்த மரபணுதான் பன்னிரண்டு வயதிலும் இருக்கிறது. அது சொல்வது 'வெளிறியிரு' என்றும் அல்ல, 'கறுத்திரு' என்றும் அல்ல. 'குளிர்ந்தால் கறு' என்கிறது. தொடரில் ஓர் 'ஆல்' விகுதி இருக்கிறது. நிபந்தனையை நீக்கிவிட்டுப் பயனிலையை மட்டும் வாசிப்பவர்கள்தாம் அதைத் தலையெழுத்து ஆக்குகிறார்கள்.

மனிதருக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். நம் தலை நரைப்பது வேறு கதை. அங்கே நிறமி செய்யும் அணுக்களே தீர்ந்துபோகின்றன. நாம் வெளிறுகிறோம், பூனை கறுக்கிறது. ஆனால் 1991இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வில் பதிவான மனிதர் ஒருவருக்குத் தலைமுடியும் அக்குள் முடியும் வெண்மை, கைமுடி செம்பழுப்பு, கால்முடி அடர்பழுப்பு. சூடான இடங்களில் வெண்மை, குளிர்ந்த இடங்களில் கருமை. காரணம் அதே டைரோசினேஸ், அதே சூடு தாங்காமை. சயாம் பூனையின் இலக்கணம் மனித உடலிலும் எழுதப்படக்கூடியதுதான்.

ஒரு நொதியின் கதையைக் கொண்டு குணத்தையும் திறமையையும் விளக்கிவிடலாம் என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் முதல் பத்தியில் நாம் கண்டித்தவர்களின் வரிசையில் நாமும் நிற்கவேண்டியதுதான். நம் வாதம் சிறியது. உரோமத்தின் நிறம்போல, ஒற்றை எழுத்து மாற்றத்தில் தொடங்கும் எளிய பண்புகூட, உடல் எங்கே எப்படி வாழ்கிறது என்பதைக் கேட்டுத்தான் வெளிப்படுகிறது. இதற்கே இப்படியென்றால், ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு சாதியின் 'இரத்தத்தில் ஊறியது' என்று எதையும் நிபந்தனையின்றி எழுதிவிடுபவர் எந்த அறிவியலையும் துணைக்கு அழைக்க முடியாது.

நம் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுவது நியாயம். அதே மரபணு சயாம் பூனையின் கண்ணில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. கரு வளரும்போது விழித்திரையின் பின்னடுக்கில் மெலனின் போதாமையால் பார்வை நரம்புகள் சில வழிமாறிச் செல்கின்றன. அதே பக்கத்து மூளைக்குப் போகவேண்டியவை எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. கில்லரி என்னும் நரம்பியலாளர் 1969இல் இதை எழுதினார். சில சயாம் பூனைகளுக்கு மாறுகண் இருப்பது இதனால்தான். கருப்பையின் சூட்டில் ஒருமுறை தவறிய இந்த வழி, பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் திரும்புவதில்லை. உரோமம் உதிர்ந்து முளைக்கிறது, ஆகவே அதற்குப் புதிய பக்கம் கிடைக்கிறது. நரம்புக்கு அது கிடையாது. இங்கும் நிபந்தனை இருந்தது, ஆனால் கேள்வி ஒரே ஒருமுறைதான் கேட்கப்பட்டது. கண்ணின் நீலமும் இப்படியே. உடல் முழுவதும் பழுப்பேறிய பதினைந்து வயதுக் கிழப்பூனையிலும், குட்டிப் பருவத்திலிருந்து வந்த அந்த நீலம் மட்டும் கறுக்காமல் இருக்கிறது.