இந்திய அணியின் ஆட்டத்தில் பந்தயப் பணம் வேண்டாம்

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கத்தாருக்கு எதிராக இந்தியா 1-0 என்று முந்தியிருந்தது. 73ஆம் நிமிடம், எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கத்தார் வீரர் ஒருவர் காலால் உள்ளே இழுக்க, யூசுப் அய்மன் கோலடித்தார். நடுவர் அதைக் கோல் என்றே அறிவித்தார். 1-2 எனத் தோற்று இந்தியா வெளியேறியது.

அது தவறான தீர்ப்பு. அதற்கு மேல் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் பணம் கட்டியவருக்கு நடுவரின் பிழை பிழையாகத் தெரிவதில்லை, விலைபோனதாகவே தெரிகிறது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் இந்த மன்றம், தேசிய அணியின் வெற்றி தோல்வி மீது பணம் கட்டுவதை எதிர்க்கிறது. முதல் காரணம் இந்தச் சந்தேகம்தான்.

சந்தேகத்துக்கு முகாந்திரம் உண்டு. 2010 செப்டம்பரில் பஹ்ரைனிடம் 0-3 எனத் தோற்ற 'டோகோ தேசிய அணி' போலியானது. அப்படியோர் அணியைத் தாங்கள் அனுப்பவேயில்லை என்றது டோகோ. ஆட்ட முடிவுகளை விலைபேசிய சிங்கப்பூர்க்காரர் வில்சன் ராஜ் பெருமாள் 2011இல் பின்லாந்தில் சிறைத்தண்டனை பெற்றார். நைஜரைச் சேர்ந்த நடுவர் இப்ராஹிம் ஷைபுவுக்கு 2019இல் ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது. பெரிய அணி தோற்றால் உலகமே கேள்வி கேட்கும். தரவரிசையில் கீழே இருக்கும் அணி தோற்றால் யார் கேட்பார்? சூதாட்டப் பணத்துக்கு வசதியான இடம் அதுதான். இந்தியாவும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

கணக்கையும் பார்க்கலாம். இரண்டு அணிக்கும் சம வாய்ப்பு என்று வைத்து, இரண்டுக்கும் 1.90 விகிதம் தருகிறார்கள் பந்தயம் நடத்துகிறவர்கள். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கமாக நூறு ரூபாய் கட்டினால் வசூல் 200, வென்றவருக்குக் கிடைப்பது 190. மீதிப் பத்து ரூபாய், யார் ஜெயித்தாலும் நடத்துகிறவனுக்கு. 2001இல் இங்கே தங்கச் சுரங்கம் மூடியபின், விடியலில் ரயிலேறிப் பெங்களூருவில் உழைத்துக் கொண்டுவரும் சம்பளம் இப்படிக் கரையக் கூடாது.

பந்தயத்தைத் தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்தலாம் என்று 2018இல் சட்ட ஆணையம் சொன்னது. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல அது. ஆனாலும் உரிமம் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயில் அரசுக்கும் பங்கு போகுமே தவிர, கட்டியவர் வீட்டு நஷ்டம் குறையாது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கக் கர்நாடகம் 2021இல் கொண்டுவந்த திருத்தத்தை 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமோ பண விளையாட்டை நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது; ஆடியவரைத் தண்டிப்பதில்லை. அந்தப் பாகுபாடு சரியானது என்றே மன்றம் கருதுகிறது.

மன்றத்தின் சீருடையில் பந்தய நிறுவனத்தின் பெயரோ, அதன் பினாமி விளம்பரமோ இடம்பெறாது. பணம் கட்டும் பயிற்சியாளருக்கும் கோட்டு நடுவருக்கும் இங்கே பொறுப்பு கிடையாது. கடனில் சிக்கிய வீரர் அணியிலிருந்து நீக்கப்படமாட்டார். செயலியில் ஏமாந்திருந்தால் 1930 எண்ணில் புகார் கொடுக்கவும், மனம் உடைந்திருந்தால் 14416 எண்ணில் பேசவும் மன்றத்தார் கூட இருந்து உதவுவார்கள்.