சுவரில் போட்ட முதல் துளை

எங்கள் வீட்டில் மூன்றாவது படுக்கையறை என்று ஒன்று உண்டு. விற்றவர் அப்படித்தான் சொன்னார். இங்கே இங்கிலாந்தில் இதற்கு 'பாக்ஸ் ரூம்' என்று பேர். பேருக்கேற்ற அறைதான்: நீளம் 240 சென்டிமீட்டர், அகலம் 210. கட்டிலைப் போட்டால், அதன் மேல் ஏறித்தான் ஜன்னலைத் திறக்க வேண்டும். அதனால் ஏழு வருஷமாக அங்கே குடியிருந்தது மனுஷங்க இல்லை, எட்டு சூட்கேஸ்கள்.

பட்டுப்புடவைகள், அவருடைய வேட்டிகள், பெண்ணுக்குச் சின்னதாகிப்போன பாவாடைகள், "ஊர்ல செட்டில் ஆனதும் பிரிச்சுக்கலாம்" என்று வாங்கிய படுக்கை விரிப்புகள் எல்லாம் அதற்குள்தான். வந்தபோது ரெண்டு வருஷம்தான் கணக்கு. அந்த ரெண்டு வருஷம் இப்போது பதினாறு ஆகிவிட்டது. உங்களில் பல பேருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

இந்தப் பொங்கலுக்குத் தமிழ்ச்சங்க விழாவில் ஆட, மகள் புடவை கேட்டாள். அடியில் இருந்த சூட்கேஸைத் திறந்தேன். என் கூறைப்புடவையின் மடிப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. விரித்தபோது ஜரிகை கறுத்துப்போய், மடிப்பு ஓடிய இடத்தில் துணி விட்டுக்கொண்டது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி வைத்தது நான்தான். யாரை நொந்துகொள்வது? அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன்: "என்னங்க, அந்த ரூமை துணி வைக்கிற ரூமா மாத்தப் போறோம்."

அளவு எடுத்துச் செய்கிற தச்சரைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. ஐகியாவின் 'பேக்ஸ்' மாதிரியான மாடுலர் அலமாரிகளை வாங்கி, கதவு போடாமல் எதிரெதிராக நிறுத்தினால், நடுவில் நாம் நிற்கலாம். வாக்-இன் க்ளாசெட் என்பது அவ்வளவுதான். பேக்ஸ் கூடுகள் 50, 75, 100 சென்டிமீட்டர் அகலத்தில் வருகின்றன. ஆழம் ரெண்டு வகை: 58, 35. ஹேங்கரில் துணி தொங்க 58 வேண்டும். மடித்து வைப்பதற்கு 35 போதும். சின்ன அறைக்காரர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இந்த 35-ஐத்தான்.

எங்கள் கணக்கு இது. வெளிச்சுவர்ப் பக்கம் 58 ஆழத்தில் மூன்று கூடு, ஒவ்வொன்றும் 75 அகலம். மொத்தம் 225, 240-க்குள் அடங்கியது. எதிர்ப்பக்கம் உள்சுவரில் 35 ஆழத்தில் ரெண்டு கூடு, 150 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் மீதி 90-ஐ விட்டது அறைக்கதவு திறந்து சாய்வதற்கு. நடுவில் 117 சென்டிமீட்டர் நடைபாதை. ஜன்னலையும் அதன் கீழே உள்ள ஹீட்டரையும் மறைக்கவில்லை. இந்தப் படத்தைக் காகிதத்தில் போடாமல் கடைக்குப் போகாதீர்கள். கதவு திறக்கும் திசையை மறந்துவிட்டு, பிறகு கதவையே கழற்றி வைத்த வீட்டை எனக்குத் தெரியும்.

உயரத்தில்தான் நாங்கள் ஏமாறப் பார்த்தோம். கூடுகள் 201, 236 என்று ரெண்டு உயரத்தில் உண்டு. எங்கள் கூரை 240. "236 வாங்கலாம், நாலு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு," என்றார் அவர். பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் தலை தூக்கினாள். "படுக்க வெச்சு முடுக்கிட்டு தூக்கி நிறுத்துவீங்கல்ல? அப்போ மூலை மேல இடிக்கும்பா." பித்தாகரஸ்! 236-ஐயும் 58-ஐயும் வைத்து மூலைவிட்டம் போட்டால் 243. கூரையைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம். நிறுத்தியபடியே பூட்டவும் வழி இருக்கிறது, ஆனால் எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 201 வாங்கினோம். அதற்கு மூலைவிட்டம் 209, தாராளம்.

அப்புறம்தான் உண்மையான சண்டை. அலமாரியைச் சுவரோடு பிணைத்தாக வேண்டும். இழுப்பறைகளை ஒரே நேரத்தில் இழுத்தாலோ, குழந்தை தொற்றி ஏறினாலோ முன்பக்கமாகச் சாயும். ஆள் உயிருக்கே ஆபத்து. அவரோ, "இப்போ எதுக்கு? சும்மா நிக்கட்டும். நாளைக்கு ஊருக்குக் கிளம்பறப்போ கழட்ட சுலபமா இருக்கும்ல" என்றார்.

நான் சுற்றிப் பார்த்தேன். மாமனார் படம் ஷெல்ஃபில் சாய்ந்திருக்கிறது. காலண்டர் ஒட்டுப்பசையில் தொங்குகிறது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று பழகியவர்கள், சொந்த வீட்டிலும் ஏழு வருஷமாக ஒரு சுவரைக்கூடத் துளைக்கவில்லை. "நாம போவோமோ மாட்டோமோ, அது அப்புறம். இவ இந்த வீட்டுலதானே வளர்றா? அலமாரி இவ மேல சாயக்கூடாது," என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டில் ட்ரில் மெஷின் இரவல் வாங்கி வந்தார்.

செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிணைக்கும் தகடு பெட்டியோடு வரும். சுவருக்கான திருகாணி வராது, ஏனென்றால் ஒவ்வொரு சுவரும் ஒரு மாதிரி. செங்கல் சுவருக்கு ஹேமர் ட்ரில்லும் பிளக்கும். பிளாஸ்டர்போர்டு சுவர் என்றால் உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதில் முடுக்குங்கள். இல்லையேல் அதற்கென்றே விற்கும் பிளக் வேண்டும். துளைக்கும் முன் வயரும் தண்ணிக் குழாயும் எங்கே போகிறது என்று டிடெக்டர் வைத்துப் பாருங்கள். தரை சமமாக இருக்கிறதா என்று மட்டம் பார்த்து, பக்கத்துப் பக்கத்துக் கூடுகளை ஒன்றோடொன்று திருகிவிடுங்கள்.

முதல் துளை போட்டதும் அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "சுவத்துல ஓட்டை போட்டியா? அப்போ இனிமே அங்கதானாடி?" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உன் புடவையெல்லாம் பத்திரமா இருக்கும்மா," என்றேன். "அது போதும்," என்று வைத்துவிட்டார்.

பட்டுப்புடவைகள் உள்சுவர் பக்கத்துத் தட்டுகளில் போயிற்று. வெளிச்சுவர் குளிர்காலத்தில் வேர்க்கும். அங்கே தினசரித் துணிதான், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே காற்றோட விரல் அகல இடைவெளியும் உண்டு. பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு பட்டையும் சுற்றினேன். பிளாஸ்டிக் அறவே இல்லை. நாலைந்துக்கு மேல் அடுக்குவதில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுகிறேன். அந்துருண்டை வைப்பவர்கள் ஜரிகையில் படாமல் வையுங்கள். கதவில்லாத அலமாரி என்பதால் ஜன்னலுக்கு வெயில் புகாத திரை போட்டோம். கீழே தாளிக்கும்போது அந்த அறைக்கதவைச் சாத்திவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். இல்லாவிட்டால் ஆபீஸ் கோட்டில் பெருங்காயம் மணக்கும்.

சூட்கேஸ்கள்? நாலைத் தானம் கொடுத்தோம். மீதி நாலும் காலியாக, அலமாரி உச்சிக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிற 39 சென்டிமீட்டரில் படுத்திருக்கின்றன. ஊருக்குப் போகும்போது இறக்குவோம், வந்ததும் ஏற்றுவோம். ஒரேயடியாகப் போவதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. போனால், துளைகளைப் பூசி அடைத்துவிட்டுப் போகலாம். அதற்கு அரை மணி நேரம் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவராகவே ட்ரில்லை எடுத்தார். மாமனார் படம் இப்போது ஹாலில் நேராகத் தொங்குகிறது.